ஒரு சின்ன உதவி

அந்த அம்மா யாருக்கும் “உதவி செய்கிறேன்” என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எப்போதும் உதவி கேட்கிறவராகவே இருந்தார். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன், இந்தத் தலைப்பை மட்டும் வாசித்துச் சொல்வீர்களா என்பார். கை மடங்கவில்லை, இந்த மேலங்கியைக் கொஞ்சம் பிடிப்பீர்களா என்பார். “ஒரு சின்ன உதவி” என்றுதான் எவரிடமும் பேச்சைத் தொடங்குவார். நாற்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் துருக்கி வாடை போகாத ஜெர்மன் அவருடையது. அவர் கேட்டதைச் செய்து கொடுத்தவர்கள் அதன்பிறகு கொஞ்சம் நிமிர்ந்து நடப்பதை நான் கவனிக்க வெகுநாட்கள் ஆயின.

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில் என் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்ட வருடம் அது. என் அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. கிழமையில் மூன்று நாள், காலை ஆறேகாலுக்கு, டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் ரக்சிக் கார் வாசலுக்கு வரும். அப்பா அதை “ரத்தம் கழுவப் போறது” என்பார். முதல் நாள் நானும் கூடப் போனேன். பின் இருக்கையில் ஏற்கெனவே ஒரு வயதான பெண் இருந்தார். எண்பதை நெருங்கும் வயது. விடியாத அந்த நேரத்திலும் உதட்டுக்குச் சாயம் பூசி, கழுத்தில் பச்சைப் பட்டுத் துணி சுற்றியிருந்தார். அப்பா ஏறி உட்கார்ந்ததும் அந்தப் பெண் தன் தோல் பையைத் தூக்கி அப்பாவின் மடியில் வைத்தார்.

“இது ஊசி குத்தும் கை. பாரம் தூக்கக் கூடாதாம். இறங்கும்போது இதை மட்டும் கொண்டுவந்து தருவீர்களா?”

நான் தமிழில் சொன்னேன். அப்பா பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாண் சுடும் தொழிற்சாலையில் முப்பது வருடம் மா மூட்டை தூக்கியவர். ஓய்வு பெற்று, மனைவியும் போய், இனித் தன்னால் ஒருவருக்கும் பயனில்லை என்ற நினைப்போடு இருந்தவர். அன்று வழி முழுக்க அவர் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

“அவவை நான் என்னெண்டு கூப்பிடுறது?” என்று வீட்டுக்கு வந்து கேட்டார்.

“அக்கா எண்டு கூப்பிடுங்கோ.”

அடுத்த முறை அந்தச் சொல்லின் பொருளை நான் அவருக்குச் சொன்னபோது அவர் சிரித்தார். “ஒரு காலத்தில் எங்கள் நாடு முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டது, எங்கள் மொழியில். சரி, உங்கள் மொழியிலும் இருக்கட்டும்.” அன்றிலிருந்து எனக்கும் அவர் அக்காதான்.

அவர் யார் என்று சொன்னவர் ரக்சிக்காரர். அவரும் துருக்கிக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஒரு நாள் மத்தியானம் அப்பா வெளியே வரும்வரை நாங்கள் இருவரும் வாசலில் நின்றோம். பயணிகள் பட்டியலில் அந்தப் பெயரை முதன்முதல் கண்ட அன்று காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனாராம்.

“உங்களுக்குத் தெரியாது. அவருடைய படம் ஓடும் கொட்டகைக்கு எங்கள் அம்மா இரண்டு கைக்குட்டை கொண்டுபோவார். ஒன்று தனக்கு, மற்றது பக்கத்தில் இருப்பவருக்கு.”

பிறகு குரலைத் தாழ்த்தி மிச்சத்தைச் சொன்னார். புகழின் உச்சியில் இருந்தபோது, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் மனைவிமாரோடு போய்த் தெருவில் உட்கார்ந்தாராம். ஒரு நாள் உட்கார்ந்து படம் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடவில்லை. வேலைநிறுத்தம் முடியும்வரை இருந்தாராம். அதற்குப் பிறகு அவருக்குப் படம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. சில வருடம் பார்த்துவிட்டு ஜெர்மனிக்கு வந்து, இந்த ஊரின் வடக்குப் பகுதியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையை வாடகைக்கு எடுத்தார். கணவனிடம் அடிவாங்கிய பெண்கள் அங்கே போகலாம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்தது.

“எங்கள் அம்மா போனார். என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு. முகமெல்லாம் வீங்கியிருந்தது. கதவைத் திறந்தவர் என்ன நடந்தது என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. ‘நல்ல வேளை வந்தீர்கள், எனக்கு இந்த யன்னல் சீலைகளுக்குக் கரை தைக்க ஆளில்லை, உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?’ என்று கேட்டார். அம்மா மூன்று நாள் இருந்து தைத்தார். தைத்து முடித்தபோது இனித் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.”

ஜனவரியில் ஒரு புதன்கிழமை, அப்பா ரக்சியில் ஏறமாட்டேன் என்று நின்றார். முதல் நாள் இரவெல்லாம் காலில் பிடிப்பு. எங்கள் வீட்டு வாசற்படியில் மேலங்கியோடு உட்கார்ந்துவிட்டார்.

“என்னால ஏலாது பிள்ளை. இவ்வளவும் காணும். கொம்மாவும் போயிட்டா. நான் ஆருக்காக இந்த ஊசியெல்லாம் குத்துவிக்கிறது?”

எனக்காக என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால், அப்பாவைப் பார்க்க வந்து தங்கியிருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னது பொய். என் கணவர் பிரிந்து போய்விட்டார். போக இடமில்லாமல்தான் நான் என் பழைய அறைக்குத் திரும்பி வந்திருந்தேன். நான் அழுவதைப் பார்த்தால் அப்பா இன்னும் உடைந்துபோவார் என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா காரிலிருந்து இறங்கி வந்தார். நிலம் சறுக்கியது. ரக்சிக்காரர் பதறி ஓடிவந்து கையை நீட்ட, அதைப் பிடிக்காமல் வந்து, ஈரப்படியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.  பிறகு என்னைப் பார்த்து, “உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்” என்றார்.

“எனக்கு ஒரு சின்ன உதவி வேண்டும். வெள்ளிக்கிழமை எனக்குப் புதிய இடத்தில் ஊசி குத்தப் போகிறார்கள். பயமாக இருக்கிறது. பக்கத்துக் கதிரையில் பேசாத ஆள் ஒருவர் வேண்டும். அங்கே இருக்கும் மற்ற எல்லோரும் ஆறுதல் சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றுவிடுவார்கள். பேசாமல் இருக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.”

நான் சொன்னேன். அப்பா நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை மட்டும் வாறன் எண்டு சொல்லு.”

அதை ஜெர்மனில் கேட்டதும் அக்கா தலையை ஆட்டினார். “நல்லது. ஆனால் இன்றைக்கு வராவிட்டால் வெள்ளிக்கிழமை இவர் வரும் நிலையில் இருக்கமாட்டாரே.”

அப்பாவுக்கு அது மொழிபெயர்க்காமலே விளங்கியது. எழும்பினார். போகும்போது அக்காவின் பையை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு அரைநாள் வேலை. மத்தியானத்துக்கு முன்பே டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய் அவர்கள் இருவருக்கும் நடுவில் உட்காருவேன். எட்டுக் கதிரை, எட்டு இயந்திரம். எதிர்ப்பக்கத்தில் இருந்த வயதான துருக்கிக்காரர்கள் இருவர் அக்காவை நேரே பார்க்க வெட்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கொடுத்திருந்தார். அந்த மனிதர் அரைமணிக்கு ஒருதரம் செய்தி அறிவிப்பாளரைப் போல நேரத்தை அறிவிப்பார்.

எனக்குக் கிடைத்த வேலை நிலையத்துக்கும் ரக்சிக் கொம்பனிக்கும் கடிதம் எழுதுவது. ரத்தம் கழுவி முடிந்தவர்கள் தலைச்சுற்றலோடு வந்து, குளிர்காற்று வீசும் ஒரு நடைவழியில் நின்றபடி ரக்சிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. சிலவேளை ஒரு மணித்தியாலம்.

“எனக்குப் பேசத்தான் வரும். எழுதினால் ஜெர்மன்காரர்கள் சிரிப்பார்கள். நீங்கள் இங்கே படித்தவர். ஒரு சின்ன உதவி,” என்றார் அக்கா.

நான் எழுதுவேன். அவர் ஊசி குத்தாத கையில் தாளை வாங்கி வாசிப்பார். “இந்த வரி மிகவும் மரியாதையாக இருக்கிறது. கெஞ்சுகிற மாதிரி. மாற்றுங்கள்.” மாற்றுவேன். பங்குனிக்குள் ஆறு கடிதம் போயிருக்கும். நடைவழிக்குக் கதவு வந்தது. உட்கார இரண்டு வாங்கு வந்தது. ஒரு வெப்பமூட்டி வந்தது. ரக்சிக் கொம்பனி மேலாளர் தானே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அக்கா என்னைக் காட்டி, “எழுதியவர் இவர்தான்” என்று சொன்னார். அந்த மாதங்களில் நான் பெருமைப்பட எனக்கு இருந்தது அது ஒன்றுதான். என் கணவர் பற்றி அவரிடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

கேட்காமல் நீட்டிய கையை அவர் பிடிக்கமாட்டார் என்பதையும் பார்த்திருக்கிறேன். நல்ல மனதோடு வந்த ஒரு தாதி ஒருமுறை அவர் தோளில் கைபோட்டு எழுப்பப் பார்த்தபோது முகம் இறுகிவிட்டது. கையை விலக்கிவிட்டுத் தானே எழும்பினார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏன் அப்படி என்று கேட்டேன்.

“எனக்குப் படம் இல்லாமல் போன வருடங்களில் நிறையப் பேர் தாங்களாகவே வந்து உதவினார்கள். உதவியவர்கள் எல்லோரும் அதை ஊர் முழுக்கச் சொன்னார்கள். யாரிடம் நான் உதவி கேட்டேனோ, அவர்கள் ஒருவரும் சொன்னதில்லை. அதைத் தங்களுக்குள்ளே வைத்துக்கொண்டார்கள்.” சற்றுப் பொறுத்து, “கேட்பது கஷ்டம். ஆனால் கேட்கப்படுவது நல்லது,” என்றார்.

ஒருநாள் வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். “அக்காவுக்கு மற்றக் கை நல்லாத்தான் இருக்கு அப்பா. பையைத் தானே தூக்கலாம். சும்மா உங்களிட்டைத் தாறா.”

“எனக்குத் தெரியும் பிள்ளை. முதல் நாளே தெரியும்.”

“பிறகேன் தூக்குறீங்கள்?”

“அவ கேட்கிறா. நான் தூக்குறன். அதில என்ன கிடக்கு?”

வசந்தத்தில் ஊரில் நடந்த துருக்கித் திரைப்பட விழாவில் அவரைக் கௌரவிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். இரண்டு வருடமாக மறுத்துக்கொண்டிருந்தாராம். இந்த முறை ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “விழா நடத்தும் பெண் கெட்டிக்காரி. நீங்கள் வராவிட்டால் மண்டபம் நிரம்பாது, உதவி செய்யுங்கள் என்று கேட்டாள். என் வித்தையை எனக்கே காட்டிவிட்டாள்.”

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பழைய சின்னத் திரையரங்கு ஒன்றில் விழா. உடுப்பின் பின்பக்க ஸிப்பை இழுத்துவிட ஆள் வேண்டும் என்று என்னைக் காலையிலேயே வரச் சொன்னார். போனேன். கால்கள் வீங்கிச் சப்பாத்துக்குள் நுழைய மறுத்தன. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் உடம்பில் நீர் சேர்வது வழக்கம்தான். ஆனால் அன்று அதிகமாகத் தெரிந்தது. சொன்னேன். “விழாவுக்குப் போகிற கால்கள், கொஞ்சம் பெருமைப்படட்டும்,” என்று சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டேன்.

மண்டபம் நிரம்பியிருந்தது. அப்பா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, ரக்சிக்காரருக்கும் அவருடைய தாயாருக்கும் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தார். விளக்கை அணைத்துப் பழைய படத்துண்டுகளைக் காட்டினார்கள். ஒரு இளம்பெண் கதவைப் பிடித்துக்கொண்டு, போகிற ஒருவனைப் பார்த்து நிற்கிறாள். பேச்சே இல்லை. அப்பா அந்தப் பெண்ணையும் தன் மறுபக்கத்தில் இருந்த அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார்.

பிறகு அறிவிப்பாளர் அவருடைய வாழ்க்கையைச் சொன்னார். சுரங்கத் தொழிலாளர், மாடி அறைகள், எல்லாம் எனக்குத் தெரிந்தவை. அதற்குப் பிறகு சொன்னது தெரியாதது. இந்த ஊர் வந்து சில வருடத்தில் அவர் ஒரு ஜெர்மன் பத்திரிகையில் வாராவாரம் பத்தி எழுதியிருக்கிறார். ஒன்பது வருடம். ஜெர்மன் மொழியில். அதில் ஒரு பத்தியை அறிவிப்பாளர் வாசித்தார். என்னால் ஒருநாளும் எழுத முடியாத ஜெர்மன் அது.

என் முகம் சுட்டது. ஆறு கடிதமும் நினைவுக்கு வந்தன. “இந்த வரியை மாற்றுங்கள்” என்றதும் நினைவுக்கு வந்தது. எனக்குக் கை கொடுக்க வேண்டியிருந்ததால் எனக்கு வேலை கொடுத்திருக்கிறார். யன்னல் சீலை தைத்த அந்தத் தாயைப் போல நானும் ஒருத்தி. என் வீட்டு விஷயம் முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நன்றியோடு எடுத்துக்கொள்ளும் மனம் அன்று எனக்கு இருக்கவில்லை. ஏமாற்றப்பட்டது போல இருந்தது.

அக்கா மேடையில் அதிகம் பேசவில்லை. “எனக்கு உதவியவர்கள் எல்லோரும் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள், எழும்பி நில்லுங்கள்” என்றார். கிட்டத்தட்ட எல்லோருமே எழும்பினார்கள். பிறகு படியின் ஓரத்தில் வந்து நின்று, “இறங்க யாராவது ஒரு கை கொடுப்பீர்களா?” என்று கேட்டார். மண்டபம் சிரித்துக் கைதட்டியது. அவருடைய பழக்கத்தை அறியாதவர் அங்கே யார்? பத்துப் பேர் ஓடினார்கள்.

ரக்சிக்காரர் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போனார். நான் அக்காவை என் காரில் கொண்டுபோனேன். நான்கு மணி இருக்கும். அவர் வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினார். நான் பூங்கொத்துகளைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். கதவைத் திறந்தபிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“ஒரு சின்ன உதவி. உள்ளே வந்து கொஞ்ச நேரம் இருங்கள். மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.”

என்னைத் தேற்றப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். என் முகம் வாடியிருந்தது எனக்குத் தெரியும். உள்ளே போனால் தேநீர் வைக்கச் சொல்வார், பூவை அடுக்கச் சொல்வார், நான் அழும்வரை எனக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருப்பார். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது.

“உங்களுக்கு நன்றாக எழுதத் தெரியுமே அக்கா,” என்றேன்.

அவருக்கு விளங்கியது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தெரியும். ஆனால் இது கடிதம் இல்லை.”

“நாளைக்கு வருகிறேன்,” என்று சொல்லிப் பூக்களை உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். அவர் என்னை மறுபடி கூப்பிடவில்லை. இரண்டாம் மாடிக்கு வரும்வரை கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரக்சிக்காரர் அழைத்தார். மணியை அடிக்கிறேன், திறக்கவில்லை என்றார். வீட்டுப் பராமரிப்பாளரை எழுப்பிக் கதவைத் திறந்தார்கள். யன்னலோரக் கதிரையில் இருந்தாராம். ஒரு சப்பாத்து மட்டும் கழற்றியிருந்ததாம். ஸிப் அப்படியே இருந்தது. முதல் நாள் மாலையே இதயம் நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். டயாலிசிஸ் நிலையத்தின் தலைமைத் தாதி, “அந்த மூன்று நாள் இடைவெளிதான் எங்களுக்கு எப்போதும் பயம். யாராவது பக்கத்தில் இருந்து அம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால்” என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

இந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். தேநீர் குடிக்கும்போது ஆளாளுக்குச் சொன்னார்கள், என்னிடம் ஏணியைப் பிடிக்கச் சொன்னார், என்னிடம் பன்னிரண்டு பேருக்குச் சமைக்கக் கேட்டார் என்று. உதவி கேட்கப்பட்டவர்கள் அதை வெளியே சொன்னது அன்றைக்குத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா ஒரு நாளும் தவறாமல் போய்வந்தார். பக்கத்துக் கதிரைக்குப் புதன்கிழமையே வேறு ஆள் வந்துவிட்டார் என்று மட்டும் சொன்னார். அக்காவைப் பற்றி வேறு பேச்செடுக்கவில்லை. நான் அந்தக் கதவடியில் நடந்ததை ஏழு கிழமை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சப்பாத்துப் போட்டுக்கொண்டு ரக்சிக்குக் காத்திருந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

“அப்பா, அண்டைக்கு அக்கா என்னை உள்ள வந்து இருக்கச் சொல்லிக் கேட்டவ. மூச்சு எடுக்க ஏலாம இருக்கு, பயமா இருக்கு எண்டு. நான் போகேல்லை. அவ வழக்கம்போலச் சும்மா கேட்கிறா எண்டு நினைச்சன்.”

அப்பா சப்பாத்து நூலை விட்டுவிட்டு நிமிர்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“என்னட்டையும் கேட்டவ,” என்றார்.

“எப்ப?”

“அதுக்கு முதல் வெள்ளிக்கிழமை. அவ தன்ர வீட்டடியில ரக்சியால இறங்கேக்கை. மேல ஏற ஏலாமக் கிடக்கு, கூட வாங்கோ எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவ. அவவின்ர ஜெர்மன் எனக்கு இப்ப விளங்கும்தானே.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவர் மறுபடி குனிந்து சப்பாத்து நூலைக் கட்டினார்.

“நான் சிரிச்சனான் பிள்ளை. நான் சிரிக்கிறதைப் பாத்திட்டு, அவவும் சிரிச்சவ.”

கீழே மணி அடித்தது. அப்பா மேலங்கியைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார்.